கேட்டு முடித்தவை

வலங்கைமான் அஸார் கெட்டிக்காரன்தான், யாரும் மறுக்க முடியாது. அந்தக் கெட்டிக்காரத்தனமே வினையாகவும் வந்தது. 2002இல், தஞ்சாவூரில் அல்லா பிச்சை நடத்திய பிரவுசிங் சென்டரின் பின்னறையில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு அதையே வெப் சர்வராக்கி ஓட்டிக்கொண்டிருந்தான். சவூதியிலும் துபாயிலும் இருக்கிறவர்கள் அங்கே மைக் முன்னால் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். வீட்டுப் பெண்கள் இங்கே வந்து ஹெட்போன் மாட்டிக் கேட்பார்கள். கூட்டம் சொல்லி மாளாது.

சில மாதங்களிலேயே ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. அஸார் சர்வரில் ஒரே ஒரு வரி எழுதி வைத்தான்: கேட்கப்பட்டு ஒரு மாதம் ஆன பதிவுகளெல்லாம், வெள்ளிக்கிழமைதோறும் அவன் ஜும்ஆ தொழுகைக்குப் போகிற நேரத்தில் தானாக அழிந்துவிடும். கேட்காதவை அப்படியே இருக்கும். கேட்டு முடித்ததை எவர் திரும்பக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தான், மடையன். அவன் அத்தா ஜித்தாவிலிருந்து அனுப்பிய கேசட்டுகளை அவன் அம்மா பிஸ்கட் டின்னில் வைத்து, நாடா தேயத் தேயக் கேட்டவள். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கே புத்தி வரவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவன் ஒரு பேக்கப்கூட எடுக்காமல் கொட்டினான்.

ஒரு நாள் ஹலீமா வந்தாள், இடுப்பில் ஐந்து மாதக் கைக்குழந்தை ஹஃப்ஸா. குழந்தை பிறந்த இருபதாம் நாள் அவள் புருஷன் முகம்மது யூசுப் தம்மாமில் கட்டடச் சாரம் சரிந்து மௌத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். பிள்ளை முகத்தைப் பார்க்கவே இல்லை. புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த கையோடு புறப்பட்டு வந்திருந்தாள். அவர் அனுப்பிய பன்னிரண்டு பதிவுகளையும் பிள்ளைக்காக ஒரு சிடியில் போட்டுத் தரச் சொன்னாள்.

அஸார் தேடிப் பார்த்தான். ஒன்றுதான் இருந்தது. நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று மூன்று நாள் அலைய விட்டு, அந்த டிஸ்கோடு மல்லுக்கட்டினான். அழிந்த இடத்தின்மேல் வேறு யார் யாரோ பேசிய பதிவுகள் ஏறியிருந்தன. நாலாம் நாள் பழியை மெஷின்மேல் போட்டிருக்கலாம். போடவில்லை.

“பதினொண்ணு போயிருச்சுக்கா. நான்தான் அழிச்சேன்.”

இருப்பது எது என்று கேட்டாள்.

“நீங்க கேக்காம விட்டதுக்கா.”

ஹலீமாவுக்கு அது எதுவென்று புரிந்துவிட்டது. பிரசவத்துக்கு வர முடியாது என்று சொன்னவர்மேல் கோபம். அடுத்து வந்த பதிவைத் திறக்காமலே போய்விட்டிருந்தாள். அதுதான் கடைசிப் பதிவும்கூட.

அஸார் முதலில் அந்தப் பாழும் வரியை நீக்கினான். பிறகுதான் ஹெட்போனைக் கொடுத்தான். ஒன்றரை நிமிடம் அவள் அசையாமல் கேட்டாள்.

“திட்டுறாரு” என்றாள். “சலாம்கூடச் சொல்லாம வச்சுட்டாரு.” ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “பரவால்ல தம்பி, இதையே போட்டுக் குடுங்க. குரலாவது இருக்கட்டும்” என்றாள்.

மூன்று சிடிகளில் போட்டுக் கொடுத்தான். சில வருஷத்தில் பிரவுசிங் சென்டர் மூடப்பட, அஸார் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தான். நூறு சர்வருக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேக்கப். எதை அழிக்கச் சொன்னாலும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டுதான் அழிப்பான். அவனோடு வேலை பார்ப்பவர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். காரணத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

2016இல் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி தாயோடு அவன் வீட்டுக்கு வந்தாள். ஹஃப்ஸா. சிடி போடும் கம்ப்யூட்டர் இப்போது பக்கத்தில் எங்கும் இல்லை, போனில் ஏற்றித் தர வேண்டும் என்றாள். ஏற்றிக் கொடுத்தான். தாய் செருப்பு மாட்ட வாசலுக்குப் போனதும் பெண் தயங்கி நின்றாள்.

“அத்தா ரொம்ப ஆசையாப் பேசுவாங்கன்னு அம்மா சொல்றாங்க. எனக்காகச் சொல்றாங்களோன்னு இருக்கு மாமா. மத்த பதினொண்ண நீங்க கேட்டிருக்கீங்களா?”

கேட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “ஒண்ணக்கூட நான் கேட்டதில்லம்மா” என்றான்.