நோய்க்கென்று விதைத்த வரிசை

மலையாள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் தோட்டம். லாரிக்காரர்கள் இறங்கி டீ குடிக்கிற சத்தம்கூடக் கேட்கும். அந்தக் கடை பஜ்ஜி என்றால் எனக்கு உயிர், அது கிடக்கட்டும். தோட்டத்தில் ஒரு துண்டை வெண்டைக்காய் ஆராய்ச்சிக்குக் கொடுத்தவன் என் மகன். விதை போட்ட மாதமே வண்டியில் போனவன் அடிபட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்கப்புறம் எனக்கு எதுவும் உறைப்பதில்லை. அவன் அப்பா கட்டிலே கதியாகக் கிடந்தார். பேச்சும் இல்லை.

ஆராய்ச்சி செய்கிற பெண் மட்டும் வாராவாரம் வந்தாள். மலையாளத்துப் பிள்ளை, தலையில் பெரிய தொப்பி. பட்டம் வாங்க இந்த ஒரு போகத்தைத்தான் நம்பியிருந்தாள். புது ரகங்களுக்கு நடுவே, நோய் தாங்காத பழைய வெண்டையையும் வேண்டுமென்றே ஒரு வரிசை போட்டிருந்தாள். அது மஞ்சளானால்தான் வெள்ளை ஈ அங்கிருந்து நோயைப் புது ரகத்துக்குக் கொண்டுபோகும். அப்போதும் பச்சையாக நிற்பதுதான் நல்ல விதையாம். நோயை விருந்துக்குக் கூப்பிடுகிற ஆராய்ச்சி! எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. மகனுக்கு இதெல்லாம் தெரியும். அவன் அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் காலையில் கட்டில் காலியாக இருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்கிறார். மஞ்சள் பட்ட செடியை எங்கள் பக்கம் யாரும் நிற்க விடமாட்டார்கள். ஒன்று விடாமல் பிடுங்கிக் குழியில் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"கண்ணில்லயா உனக்கு? பையன் வெச்ச காடு நாசமாப் போவுது. நீ பாட்டுக்கு ஊட்டுல உக்காந்திருக்கற."

இத்தனை நாளில் அவர் பேசிய முதல் பேச்சு. அந்தப் பெண் வந்து பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மே, இனி நோய் எப்படிப் பரவும்? புதுசு பச்சையா நின்னாலும், அது தாங்கிச்சுன்னு நான் எப்படிச் சொல்ல?"

"வையாத கண்ணு. இன்னைக்குத்தான் எந்திரிச்சிருக்காரு."

அவள் அவரையே பார்த்தாள். முழங்கை வரைக்கும் மண். பிறகு எழுந்து அவரிடம் போனாள்.

"அப்பா, எல்லாம் முதல்ல இருந்து விதைக்கணும். இந்தத் தடவை மஞ்சளானா புடுங்கக் கூடாது."

"நோயிக்குத் தண்ணி கட்டச் சொல்றயா? எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க?"

"உங்க மோன் இதுக்குத்தான் நிலம் தந்தது."

குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "எப்ப விதைக்கோணும்?" என்றார்.

அவளுக்குப் பட்டம் ஒரு போகம் தள்ளிப் போயிற்று. எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷம் வரவேண்டும் என்று தெரிந்தது, அதுவும் வரவில்லை.

இப்போது அந்த வரிசை மறுபடியும் நன்றாக மஞ்சளாகிவிட்டது. தினமும் தண்ணீர் கட்டிவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நிற்கிறார்.

"கையி நமநமங்குது, போ."

"அப்ப வாங்க, பஜ்ஜி திங்கலாம்."

வந்தார். கடைக்காரர் சூடாக எடுத்து வைத்தார். நானும் தின்றேன். உப்பு இருந்ததா என்று அவரைத்தான் கேட்டேன்.