குறிபார்ப்பவர்களுக்குக் கண்ணாடி விற்ற கதை

மூக்குக் கண்ணாடித் தொழிலில் வாடிக்கையாளரின் மூக்குதான் முதலாளி, காதுகள் இரண்டும் மேனேஜர்கள். கண் என்ன சொல்கிறது என்று கேட்பதற்குள் இந்த மூவரும் சேர்ந்து நம்மை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். மூக்கில் தழும்போடும் காதுக்குப் பின்னால் புண்ணோடும் இதைப் படிக்கிற சக கண்ணாடிக்காரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தென்காசி ரத வீதியில் எனக்குச் சின்னதாக ஒரு கண்ணாடிக் கடை. குற்றாலம் போகிற வழியில் இருக்கும் துப்பாக்கி சுடும் கிளப்பில் போன வருஷம் ஒரு விதி போட்டார்கள்: பாதுகாப்புக் கண்ணாடி போடாதவர் சுடப்போகக் கூடாது. அன்றிலிருந்து கிளப்பே என் கடையில்தான் குடியிருந்தது. அதில் அவசரம் கீழப்பாவூர் ஜெயராணி டீச்சருக்கு. நாற்பது வயதில் ஏர் ரைஃபிளைக் கையில் எடுத்து, மாநிலப் போட்டிக்கான தகுதிச் சுற்றில் இரண்டு வருஷம் கோட்டை விட்டவர். "இந்த வருஷமும் இல்லைன்னா ரைஃபிள வித்துட்டு வீட்ல இருந்துருவேன் அண்ணாச்சி" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். சுற்றுக்கு மூன்றே வாரம் இருந்தது.

கறுப்புதான் கெத்து

வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சங்கரபாண்டி அண்ணாச்சி அரைமணி நேரம் நிலைக்கண்ணாடி முன்னால் நின்றார். சாரல் மாசம், வானம் மூடியே கிடக்கும், கிளப்போ தகரக் கொட்டகை, வெள்ளைக் கண்ணாடி போதும், மிஞ்சினால் மஞ்சள், கறுப்பு மட்டும் வேண்டாம் என்று தொண்டை வறளச் சொன்னேன். காதில் வாங்கினால்தானே! கறுப்பையே மாட்டிக்கொண்டு, மீசையை ஒரு தடவு தடவிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் வெள்ளைக் கண்ணாடி கேட்டு வந்தார். கிளப்பில் ஆளுக்கு ஓர் அட்டை மாட்டியிருப்பார்கள், அவரவர் அட்டையைத்தான் அவரவர் சுட வேண்டும். என்ன ஆச்சு அண்ணாச்சி என்றேன். "பத்துக் குண்டும் பக்கத்து ஆள் அட்டையில விழுந்திருக்கு தம்பி, ஆனா பத்தும் நடுவுலதான் விழுந்திருக்கு, அத ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கானுவ!"

ஹவில்தாரும் காலண்டரும்

கடையம் முருகையா, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கைத்துப்பாக்கி சுடுகிறவர். தூரத்துக்கு மேலே, படிக்கக் கீழே என்று அவர் போட்டிருந்த பைஃபோகல் மாதிரியே பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும் என்றார். அதைப் போட்டுக்கொண்டு துப்பாக்கி முனையைப் பார்க்க, தண்ணீர் குடித்த கோழி மாதிரி தாடையைத் தூக்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்குத் தடிமனான காதுக்கம்பி. சத்தத்துக்குக் காதில் மாட்டும் கவசம் அதன்மேல் சரியாக உட்காராமல் தலைவலி வேறு.

மெல்லிய, தட்டையான கம்பியுள்ள ஃபிரேம் ஒன்றை எடுத்தேன். அவரைக் கையை நீட்டி ஒரு ஸ்கேலைப் பிடிக்கச் சொல்லி, லென்ஸ்களை மாற்றி மாற்றி வைத்தேன். ஒன்றில் ஸ்கேல் முனை பளிச்சென்று தெரிந்தது. ஆனால் சுவரில் காலண்டர் மங்குகிறது என்று முகம் சுளித்தார். இலக்கு கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை சார், துப்பாக்கி முனைதான் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதிரி மங்கலாவும் துப்பாக்கி பளிச்சுனும் தெரியணுமா? இத அப்பவே ஒருத்தன் சொல்லியிருந்தா நான் மெடலோடல்லா ஊருக்கு வந்திருப்பேன் வே!"

மாப்புக் கட்டை

ஜெயராணி டீச்சருக்கு மைனஸ் ஐந்து. பவர் கண்ணாடிக்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தோம். ஒரு மூக்கு இரண்டு கண்ணாடியைச் சுமக்க மறுத்தது, இடையில் ஆவி வேறு படிந்தது. ஆகவே எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸிலேயே பவரைப் போட்டுவிடலாம் என்றேன். நாற்காலியில் உட்கார வைத்து, நேரா என்னைப் பாருங்க டீச்சர் என்று சொல்லி, வழக்கம்போல மையத்தைக் குறித்தேன்.

பத்து நாள் கழித்து டீச்சர் வந்த வேகத்தில் கதவு இரண்டு தடவை ஆடியது. முன்பைவிடப் புள்ளிகள் குறைந்துவிட்டன, அட்டையின் கறுப்பு வட்டத்துக்கு வால் முளைத்திருக்கிறதாம். பதற்றமாக இருக்கும் என்று மழுப்பப் பார்த்தேன். முறைத்தார். சரி, எப்படி நிற்பீர்கள், காட்டுங்கள் என்று கடையின் மாப்புக் கட்டையைக் கையில் கொடுத்தேன். கட்டையில் கன்னத்தைச் சாய்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அவர் பார்த்தது லென்ஸின் நடுவில் இல்லை. மூக்கை ஒட்டிய மேல் மூலையில், பவர் லென்ஸில் எல்லாம் கோணலாகத் தெரிகிற இடத்தில். உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அளவெடுத்துவிட்டு, சாய்ந்து பார்க்கிறவரைக் குறை சொல்லியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. அப்படியே அசையாமல் நிற்கச் சொல்லி, கண் நின்ற இடத்தில் மார்க்கரால் புள்ளி வைத்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் வந்து, தன்னை நோக்கி நீண்டிருந்த கட்டையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "ஒரு ஸ்க்ரூ முடுக்கத்தான வந்தேன், அதுக்குப் போயி டீச்சர விட்டுச் சுடச் சொல்லுதீரே!"

ஒரு புள்ளி

தகுதிச் சுற்றன்று நல்ல சாரல். கடையைப் பூட்டிவிட்டு, ஆவி படியாமல் தடவும் மருந்தோடு நானும் போய் நின்றேன். அந்த மார்க்கர் புள்ளியை மையமாக வைத்துச் செய்த புதுக் கண்ணாடியில் டீச்சர் அருமையாகச் சுட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஆறு குண்டு பாக்கி. பக்கத்தில் யாரோ சுட்ட குண்டு அட்டைக்குப் பின்னால் இருந்த தேய்ந்த இரும்புத் தகட்டில் பட்டுச் சிதறியது. ஈயத் துணுக்கு ஒன்று திரும்பி வந்து டீச்சரின் வலது லென்ஸில் டக்கென்று அடித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. டீச்சர் ரைஃபிளை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணுக்கு ஒன்றுமில்லை. லென்ஸில் மட்டும் மிளகு அளவுக்கு ஒரு குழி. மாற்றுக் கண்ணாடி ஒன்று செய்து வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் குழியோடேயே ஆறு குண்டையும் சுட்டார். ஒரே ஒரு புள்ளியில் தகுதி தவறியது.

மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றார். ரைஃபிளுக்கு ஆள் பார்க்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்து, முகத்தைப் பார்க்கத் திராணியில்லாமல் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியை என் முன்னால் வைத்தார். "ஒரு பாயிண்டுதான போச்சு, கண்ணு போகலல்லா? அடுத்த வருஷத்துக்கு இதே மாதிரி ரெண்டா செஞ்சு வையுங்க அண்ணாச்சி."

ஆக, இத்தனை வருஷத்தில் நான் விற்ற கண்ணாடிகளிலேயே ஒழுங்காக வேலை பார்த்தது எதுவென்றால், இரண்டு வாரம்கூடத் தாங்காமல் பழுதாகித் திரும்பி வந்த அந்த ஒன்றுதான்.