அத்தான் மூலையைத் தூக்கிப் பார்த்த ஆம்ப்ளிஃபையர்

என் அக்கா வீட்டுக்காரர் சாமான் ஏற்றி இறக்குகிறவர். இருபத்தாறு வருஷம். பீரோ, சோபா, ஃபிரிட்ஜ் என்று யார் யார் வீட்டுச் சாமானோ அவர் தோளில் ஏறி இறங்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் பேச மாட்டார். பேச உடம்பில் தெம்பு இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பார், அவ்வளவுதான்.

போன வருஷம் வீடு காலி செய்த ஒருவர், வைக்க இடமில்லையென்று இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை இவர் தலையில் கட்டினார். இடுப்பு உயரம். மூன்று மாடி ஏற்றினார் அத்தான். அன்றைக்குப் பிடித்தது சனி. எந்த ஆம்ப்ளிஃபையரை மாட்டினாலும், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி மேளம் அழுத்தி விழுந்தால் 'டக்' என்று அடங்கிவிடும். இப்படியே இரண்டு போயின.

"நாலு ஓம் ஸ்பீக்கர்ணே. கரண்டை உறிஞ்சி எடுத்துடும். முன்னால எழுதியிருக்கிற வாட்டைப் பாத்து ஏமாறாதீங்க, உள்ள டிரான்ஸ்ஃபார்மர் பெருசா இருக்கணும்" என்றார் ரிப்பேர்க்காரர்.

அக்காவின் தையல் மெஷின் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் குடிக்கக்கூட ஒருக்களித்துத்தான் போக வேண்டும். மெஷின் அங்கே அடங்குமா என்று அவள் டேப்பை எடுத்து ஸ்பீக்கர் நிற்கிற இடத்தை அளந்துவிட்டாள்.

"இனிமே ஒரு ஆம்ப்ளிஃபையர், அதுதான் கடைசி. அதுவும் படுத்துச்சுன்னா ரெண்டு பெட்டியும் வெளிய போகும். சொல்லிட்டேன்."

அவள் சொன்னதிலும் தப்பில்லை.

ஞாயிறு காலை அத்தானும் நானும் கடைக்குப் போனோம். விற்கிறவர் பளபளவென்று ஒன்றைக் காட்டினார். "நூத்தியிருபது வாட் சார். நல்ல கனம், தூக்கிப் பாருங்க."

அத்தான் தூக்கவில்லை. ஒவ்வொரு மூலையாக இரண்டு விரலால் நெம்பிப் பார்த்தார். பிறகு கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த அறுபது வாட்டையும் அப்படியே நெம்பினார்.

"சார், வாங்குறது ஆம்ப்ளிஃபையர். கட்டிலுக்குக் கால் ஆடுதான்னு பாக்கிற மாதிரி பாக்கிறீங்களே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் சிரிக்கவில்லை.

"மாப்ள, நீயே பாரு. அதுல நாலு மூலையும் ஒரே கனம். தகரம்தான் கனக்குது. இதுல இடது பின்மூலை எந்திரிக்கவே மாட்டேங்குது. உள்ள எவனோ சப்பணம் போட்டு உக்காந்திருக்கான்."

முணுமுணுத்துக்கொண்டே விற்கிறவர் இரண்டின் மூடியையும் கழற்றினார். பளபளப்பில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் என் உள்ளங்கைக்குள் அடங்கும். அறுபது வாட்டின் இடது மூலையில் இருந்தது என் இரண்டு முஷ்டி சேர்ந்த பருமன். விற்கிறவர் தூசியைத் துடைத்து அறுபது வாட்டுக்கே பில் போட்டார்.

வீட்டில் வயரை மாட்டி, வழக்கமாகக் கவிழ்கிற பாட்டையே போட்டோம். அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். மேளம் வந்தது. விழுந்தது. அடங்கவில்லை. அத்தான் இன்னும் கூட்டினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆம்ப்ளிஃபையர் லேசாகச் சுட்டதே தவிர அசரவில்லை.

"சரி, ஜெயிச்சாச்சு" என்றாள் அக்கா. "மெஷினை என் தலையில வெச்சுக்கிறேன்."

அத்தான் அவளையும் சமையலறை வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்து உள்ளறைக்குப் போனார்.

"இந்த பீரோவை அந்தச் சுவரோரம் தள்ளினா மெஷினுக்கு இடம் கிடைக்கும்."

"இன்னிக்கு உங்களுக்கு லீவுங்க. உக்காந்து கேளுங்களேன்."

"அதுக்கென்ன? மாப்ள, நீ அந்தப் பக்கம் பிடி."

பிடித்தேன். அடுத்த அறையில் பாட்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பீரோ தரையில் இழுபடுகிற சத்தத்தில் பாதிதான் எங்களுக்குக் கேட்டது.