பெயர் தொங்கிய புளியமரங்கள்

புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். ராஜேஸ்வரி எங்கள் பள்ளி ஆசிரியை இல்லை. கணியம்பாடியிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள், பஸ் மாறி ஜீப் பிடித்து இடுப்பொடிய வந்து சேருவாள். ஒரு தொண்டு நிறுவனம் கொடுக்கும் சொற்பச் சம்பளத்துக்கு, காட்டைப் பற்றியும் நீடித்த வளர்ச்சியைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை.

நீடித்த வளர்ச்சி என்று கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஏசி ஹாலில் பேசிவிட்டு பிரியாணி சாப்பிட்டுப் போகிறவர்களின் பேச்சு அது. ராஜேஸ்வரி சொன்னால் மட்டும் கேட்கலாம். "பறிச்சிக்கோ, வித்துக்கோ. ஆனா அடுத்த வருசமும் மரம் நிக்கணும், அவ்ளோதான்" என்பாள். பிள்ளைகளுக்கு அது போதும்.

பள்ளிக்கு வரும் பாதையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள். செங்கல் சூளைக்கு விறகு வாங்கும் வியாபாரிகள் அவற்றை எப்போதும் விலை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதைத் தடுக்கத்தான் ராஜேஸ்வரி யோசித்தாள். ஏழாம் வகுப்பில் ஆளுக்கொரு மரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். தகரத்தில் அவரவர் பெயரை எழுதிக் கம்பி கட்டித் தொங்கவிட்டாள்.

"இந்த ஒரு செட்டுப் பசங்க போதும் சார். இவங்க பெரிசானா இந்த மரத்த சூளைக்கு விக்க மாட்டாங்க" என்றாள் என்னிடம். சசிகலா என்ற பெண் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். தன் மரத்தடிக்குப் போனால் எறும்பு, ஓணான், கூடு என்று ஓயாமல் பேசுவாள். அதைப் பார்த்து ராஜேஸ்வரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ராஜேஸ்வரியும் நானும் மலைக்குக் கீழேயிருந்து வந்த ஆட்கள். எங்களுக்குத் தெரியாத ஒன்று அந்த ஊரில் இருந்தது. அங்கே நிலம் ஒருவருடையது என்றால் மரம் வேறொருவருடையதாக இருக்கும். மரத்துக்குப் பத்திரம் கிடையாது. பாகம் பிரிக்கும்போது ஊர் பார்க்க மரத்தில் ஓர் அடையாளம் வைப்பார்கள். அதை யாரும் எதிர்த்துக் கேட்காவிட்டால் மரம் அவர்களுக்கு.

புளி உலுக்கும் காலம் வந்தது. சசிகலாவின் அப்பா சின்னராசு துறட்டியோடு போய் அவள் மரத்தடியில் நின்றார். அந்த மரம் அவருடைய பங்காளி தங்கவேலுவுடையது.

"எம்மரத்துல உனுக்கு இன்னா வேலை?" என்று தங்கவேலு ஓடிவந்தார்.

"ஆறு மாசமா ஊரே பாக்க எம்பொண்ணு பேரு தொங்குது. அன்னிக்கே ஏன் கேக்கல?"

"இஸ்கூல் புள்ளைங்க வெளையாட்டுன்னு வுட்டன்டா!"

கைகலப்பாகி, தங்கவேலுவின் நெற்றியில் தையல் போட்டார்கள். விஷயம் தெரிந்து ராஜேஸ்வரி அவர் வீட்டுக்கு ஓடினாள். நானும் கூடப் போனேன்.

"அண்ணா, பசங்க மரத்துமேல பாசமா இருக்கட்டும்னு மாட்டனதுங்க. இப்பவே எல்லாத்தையும் கயட்டிட்றேன்."

"கயட்டிட்டா ஊரு பாத்தது இல்லன்னு ஆயிடுமா டீச்சர்?" அவர் கத்தவில்லை. அலுத்துப்போய்த்தான் பேசினார். "எம்பசங்க ரெண்டும் கேரளாவுல கீறானுங்க. நான் செத்துப்பூட்டா யாருங்க வந்து சாட்சி சொல்றது? மரம்னு ஒண்ணு இருந்தாத்தான தகராறு?"

அந்த வாரமே மரத்தைச் சூளைக்கு விற்றார். அவரைப் பார்த்து மற்ற மரக்காரர்களுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. எந்தப் பிள்ளையின் அப்பன் எப்போது துறட்டியோடு வருவானோ என்று, பெயர் தொங்கிய மரங்களை ஒவ்வொன்றாக விற்றார்கள். இத்தனை வருடம் வியாபாரிகளைத் துரத்தியடித்தவர்கள், தாங்களே அவர்களுக்கு போன் போட்டுக் கூப்பிட்டார்கள். பெயர் தொங்காத மரங்கள் இன்னும் நிற்கின்றன. யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. கண்ணில் பட்ட பிள்ளைகளிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

அடுத்த வாரம் ராஜேஸ்வரி வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளைப் பார்க்காமல் நேரே வகுப்புக்குப் போய், பள்ளி வளாகத்துக்குள் நிற்கும் பலாமரத்தைக் காட்டினாள். அது பள்ளிக்கூடத்து மரம், யாரும் பங்கு கேட்க முடியாது, எல்லாருமாகச் சேர்ந்து அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். புதுத் தகரம் ஒன்றையும் பெயின்ட் டப்பாவையும் எடுத்து வைத்து, யார் பெயரை முதலில் எழுதலாம் என்று கேட்டாள்.

ஒருவரும் கை தூக்கவில்லை. அவள் சசிகலாவைப் பார்த்தாள். சசிகலா எழுந்து நின்று அழ ஆரம்பித்தாள்.

"எம்பேரு வேணாங்க டீச்சர். எழுதனா இதையும் வெட்டிடுவாங்க."

ராஜேஸ்வரி பெயின்ட் டப்பாவை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.