பெரியம்மா சரிபார்த்த ரங்கூன்

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஊர் சுற்றிக்காட்டும் வேலை என்னுடையது. நான் கேட்டு வாங்கியதில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படித்தபோது எதையும் பட்டியல் போட்டு எழுதும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்த அப்பா, "இவகிட்ட விட்டா நேரத்துக்குக் கூட்டிப்போயி நேரத்துக்குக் கொண்டாந்துடுவா" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். என் பட்டியலில் எட்டு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தப் பேருந்து, எத்தனை நிமிடம், கழிப்பறை எங்கே, விருந்தாளி எந்த இடத்தில் "அப்பாடா" என்று உட்காருவார் என்பது வரை குறித்திருப்பேன். ஷ்வேடகன் பகோடாவுக்கு எதிரே மட்டும் சிவப்பு மையில், 'காலை ஒன்பதுக்குள். பிறகு பளிங்கு சுடும், விருந்தாளி குதிப்பார்.'

திருச்சியிலிருந்து பெரியம்மா வந்தபோது இந்த ஏற்பாடு முதல் நாளே குலைந்தது. அவரும் ஒரு பட்டியலோடு வந்திருந்தார்.

பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், இளவயதில் ரங்கூனைவிட்டுக் கப்பலேறி, திருச்சியில் கல்யாணம் முடித்து அங்கேயே தங்கிவிட்டவர். முப்பது வருடமாக ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் ரங்கூன் பெருமை பேசிப் பெரியம்மாவின் காதைத் தேய்த்திருக்கிறார். முழங்கால் வலியால் அவர் வரவில்லை. பெரியம்மா மட்டும் வந்தார், பாசத்தோடும் ஒரு டைரியோடும். டைரியில் பெரியப்பா அளந்ததெல்லாம் வரிசையாக எழுதி, எதிரே 'மெய்', 'பொய்' என்று இரண்டு கட்டம் போட்டிருந்தது.

"உங்க பெரியப்பா சொன்னதுல பாதி புளுகுன்னு எனக்குத் தெரியும்டி. எந்தப் பாதின்னுதான் தெரியல."

ஷ்வேடகன் தங்கம் மெய்க் கட்டத்தில் விழுந்தது. கியாக்தானில் ஆற்றுக்கு நடுவே பகோடா, அதன் படித்துறையில் ஆட்டுக்குட்டி அளவு கெளுத்தி மீன் என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு. அன்று அப்பா வேலை பார்க்கும் இரும்புக் கடைக்கு விடுமுறை, அவரும் வருவார். சனிக்கிழமைக்குப் பெரியம்மா தேர்ந்தெடுத்தது ரயில்.

"வட்டமா ஓடுற ரயிலாம். ஏறின எடத்துலயே வந்து எறங்கலாமாம். இது நூத்துக்கு நூறு பொய்."

"இல்ல பெரியம்மா, இருக்கு. மியோபட் ரயில். ஊரைச் சுத்தி வர மூணு மணி நேரம்."

மூன்று மணி நேரம் என்று சொன்னபோதே எனக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது.

விஷயம் இதுதான். துறைமுகத்தில் ஒரு தனியார் கப்பல்துறைக்கு, கிரேன்களின் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். நான் வீட்டில் சொல்லாமல் விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத் தேர்வு அதே சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்கு. வீட்டில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. தாத்தா அந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். "எங்கப்பா முதுகு ஒடிஞ்ச எடம். எம்புள்ளைங்க அந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கக் கூடாது" என்பது அப்பாவின் சட்டம். அவர் எனக்காகப் பேசி வைத்திருந்தது, தெரிந்தவர் ஒருவரின் ஜெராக்ஸ் கடை. அடுத்த மாதத்திலிருந்து அங்கே காகிதம் அடுக்க வேண்டும். இந்த ஒரு நேர்முகத் தேர்வைத் தவறவிட்டால் காகிதம்தான். அப்பா தன் சட்டத்தை யாருக்காகவும் தளர்த்தமாட்டார், அண்ணியைத் தவிர. அந்த அண்ணிதான் பெரியம்மா.

சனிக்கிழமை காலை, பெரியம்மாவை லான்மடாவில் அவர் தங்கியிருந்த விடுதியிலிருந்து அழைத்துக்கொண்டேன். வெளிநாட்டவர் வீட்டில் இரவு தங்கக்கூடாது என்பதால் சாப்பாடு எங்கள் வீட்டில், தூக்கம் விடுதியில். எட்டேகால் வண்டி நடைமேடையில் நின்றது.

மின்னியல் படித்தவளுக்கு மூடிய சுற்றின் மேல் ஒரு அசட்டு நம்பிக்கை உண்டு. அதில் போட்டது வெளியே போகாது, புறப்பட்ட இடத்துக்கு வந்தே ஆகும். ஆனாலும் ஒரு பாதுகாப்புக்காக அட்டை ஒன்றில், 'இந்த அம்மாவுக்குப் பர்மிய மொழி தெரியாது. வழி தவறினால் இந்த முகவரியில் சேர்க்கவும்' என்று பர்மிய மொழியில் எழுதி, எங்கள் வீட்டு முகவரியைப் போட்டுக் கொடுத்தேன்.

"நீ வரலையா?" என்றார் பெரியம்மா.

"ஒரு சின்ன வேலை. ஆபீஸ்ல ஒரு பேப்பர் குடுக்கணும். நீங்க எறங்கவே வேணாம். சுத்தி வந்து நிக்கும்போது நான் இதே எடத்துல நிப்பேன். தொலைஞ்சா மட்டும் அட்டையைக் காட்டுங்க, வீட்டுல கொண்டாந்து விட்டுடுவாங்க."

பெரியம்மா என் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலையைப் பார்த்தார். கையிலிருந்த சான்றிதழ்க் கோப்பைப் பார்த்தார். "சின்ன வேலைக்கு இவ்வளவு எண்ணெயா?" என்றார். வண்டி மேற்கே கிளம்பிவிட்டது.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். மின்சுற்று பற்றிக் கேட்டதற்கெல்லாம் வரிசை எண் போட்டதுபோல் பதில் சொன்னேன். கடைசியில் மூத்த பொறியாளர், உயரம் என்றால் பயமா என்று கேட்டார். ஏறிப் பார்த்ததில்லை, ஏறினால்தான் தெரியும் என்றேன். அவர் சிரித்துவிட்டு நான் கட்டியிருந்த தமெய்னைப் பார்த்தார். இடுப்பில் சுற்றிய துணியோடு கிரேன் ஏணியில் ஏற முடியாது. ஞாயிறு காலை கிரேன்கள் சும்மா நிற்கும்; கால்சட்டை போட்டுக்கொண்டு பத்து மணிக்கு வர வேண்டும்; மூன்றாவது கிரேனில் ஏறி, உச்சியில் இருக்கும் சுவிட்ச் பெட்டியின் எண்ணைப் படித்துவந்து சொன்னால் வேலை என்றார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் கியாக்தானில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருக்க வேண்டியவள். அதை எப்படித் தட்டிக்கழிப்பது என்று யோசித்தபடியே ரயில் நிலையத்துக்கு நடந்தேன்.

ஊரைச் சுற்றிக்கொண்டு கிழக்கிலிருந்து ஒரு வண்டி வந்தது. பெரியம்மா இல்லை. அரை மணி கழித்து இன்னொன்று. அதிலும் இல்லை. சீட்டுக் கொடுப்பவரிடம் ஓடினேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிவிட்டு, "எட்டேகால் வண்டியா? அது மிங்கலாடோனோடு சரி. சுற்றாது" என்றார். சுவரில் இருந்த நேர அட்டவணையைக் காட்டினார். எட்டேகாலுக்கு எதிரே ஒரு புள்ளி. நேற்றே பார்த்திருந்தேன். ஈ உட்கார்ந்துவிட்டுப் போன தடம் என்று நினைத்திருந்தேன்.

பெரியம்மா தொலைந்துபோவார் என்று நான் பயப்படவில்லை. அவரைத் தொலைக்க ரங்கூனால் முடியாது. பயந்தது அட்டைக்கு. அட்டையை யாரிடமாவது காட்டினால், அந்த நல்ல மனிதர் அவரை நேரே எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்கும் அப்பா, "அவ எங்க, அண்ணி?" என்பார். என் பாதுகாப்பு ஏற்பாடு அவ்வளவு கச்சிதமாக என்னையே குறிபார்த்து நின்றது. மிங்கலாடோனுக்குப் போனால் வழியில் ஒருவரையொருவர் தவறவிடுவோம். வீட்டுக்குப் போனால் நானே போய் மாட்டிக்கொண்டதாகும். ஒரு தூணில் சாய்ந்துகொண்டு கிழக்கையே பார்த்து நின்றேன்.

ஒன்றேகால் மணிக்கு முதுகுப்பக்கமிருந்து குரல் வந்தது. "ஏண்டி, நான் இங்க வாரேன், நீ அங்க யாரத் தேடுற?"

மேற்கிலிருந்து வந்த வண்டியில், காய்கறிக் கூடைகளுக்கு நடுவே பெரியம்மா. இரண்டு கன்னத்திலும் வட்டமாகத் தனாக்கா, பர்மியப் பெண்கள் பூசும் மரப்பட்டைச் சாந்து. மடியில் ஒரு கட்டு புளிச்சக்கீரை.

"பொய்!" என்றார் இறங்கியதும். "வட்டமும் இல்ல, சட்டமும் இல்ல. போன வழியிலயே திரும்பி வருது. முப்பது வருஷப் பொய்."

"அது ஈ... இல்ல, புள்ளி பெரியம்மா. அந்த வண்டி மட்டும் சுத்தாதாம். அட்டையைக் காட்டினீங்களா?"

"எல்லாரும் எறங்கினாங்க, நானும் எறங்கினேன். ஒரு கீரைக்காரி என்னையப் பாத்து என்னமோ கேட்டா. நானும் தமிழ்ல என்னமோ சொன்னேன். ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசிக்கிட்டோம். மூஞ்சியில இதப் பூசிவிட்டா, டீ வாங்கிக் குடுத்தா, வண்டி ஏத்திவிட்டா." அட்டையை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து என் கையில் வைத்தார். "இதக் காட்டினா வீட்டுல கொண்டுபோயி விட்டுருவாங்கன்னு சொன்னியே. வீட்டுல ஒங்கப்பன் இருப்பான்ல? இப்பச் சொல்லு. யாருடி அந்தப் பையன்?"

"பையன் இல்ல பெரியம்மா. கிரேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம். காதலாக இருந்தால் சுவாரசியமாக இருந்திருக்கும் என்று வாய்விட்டே சொன்னார். "எத்தனாவது கிரேன்?" என்று கேட்டார். மூன்றாவது என்றேன். டைரியை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

அன்று இரவு சாப்பிடும்போது அவர் அப்பாவிடம் ஆரம்பித்தார். "தம்பி, மீனு எங்க ஊர்லயும்தான் இருக்கு. எனக்குக் கப்பல் பாக்கணும்."

"கியாக்தானுக்குக் கார் சொல்லிட்டேனே அண்ணி."

"சொன்ன வாயாலயே வேணாம்னு சொல்லுங்க. அக்கரைக்கு ஒரு படகு போகுதாமே. அதுல போவோம், நீங்களும் நானும். இவளுக்கு வயித்து வலி. வீட்டுல கெடக்கட்டும்."

எனக்கு வயிற்று வலி என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அம்மாவிடம் மட்டும் ஒளிக்க வழியில்லை. விடிந்ததும் சொன்னேன். அம்மா என் தம்பியின் கால்சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

ஏணியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை தப்பியது. அது எனக்கு நடந்ததே இல்லை. செருப்பு ஒருமுறை வழுக்கியது. உச்சியில் சுவிட்ச் பெட்டியின் எண்ணை மூன்று தடவை படித்து மனப்பாடம் செய்தேன். ஆற்றைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கீழே இறங்கியிருக்கவே மாட்டேன்.

அந்த நேரத்தில் ஆற்றில் நடந்ததைப் பெரியம்மா எனக்கு ஏழெட்டுத் தடவை நடித்துக் காட்டியிருக்கிறார். டல்லாவுக்குப் போகும் படகில் அப்பாவோடு ஏறி, அக்கரை போய், இறங்காமலே திரும்பி வந்திருக்கிறார். படகிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும்; மூன்றாவதின் ஏணியில் அப்போது யாரும் இல்லை.

"போதுமா அண்ணி?"

"இன்னொரு தடவ போவோம் தம்பி. காத்து நல்லாருக்கு." கைப்பையிலிருந்து காமிராவை எடுத்திருக்கிறார்.

"அதை உள்ள வைங்க. துறைமுகத்தைப் படம் எடுக்கக் கூடாது."

"கண்ணால பாக்கலாம்ல?"

இரண்டாவது முறை அக்கரையிலிருந்து திரும்பும்போது, மூன்றாவது கிரேனில் எறும்பு மாதிரி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

"தம்பி, அங்க பாருங்க. யாரோ ஏறுறான்."

அப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். சின்ன வயதில் தாத்தாவுக்குச் சோறு கொண்டுபோனவர். துறைமுக வேலை அவருக்குப் பார்த்துப் பழகியது. "புதுசு. ஆனா நல்லா ஏறுறான். பாருங்க, ஒரு கை எப்பவும் பிடியிலயே இருக்கு. கீழ குனிஞ்சு பாக்குறதே இல்ல. அப்படித்தான் ஏறணும்."

"கெட்டிக்காரனா?"

"கெட்டிக்காரப் பய. அவனப் பெத்தவன் குடுத்துவச்சவன்."

"அந்தக் குடுத்துவச்சவர் நீங்கதான் தம்பி. வயித்து வலின்னு வீட்டுல படுத்திருக்கால்ல, அவதான் அது."

அப்பா படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் இறங்கித் தரையில் கால் வைக்கும் வரை கண்ணை எடுக்கவும் இல்லை, கண்ணைச் சிமிட்டவும் இல்லை என்பது பெரியம்மாவின் சாட்சியம். அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "கால்ல என்ன போட்டிருக்கா?"

"செருப்பு."

"செருப்பா?" என்று அவர் போட்ட கத்தலில் படகில் பாதிப் பேர் தங்கள் காலைக் குனிந்து பார்த்தார்களாம்.

எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டேன். வேலையும் கிடைத்துவிட்டது, அப்பா சம்மதித்தால். அன்று மாலை அவர் என்னிடம் நேராகப் பேசவில்லை. எதிரே நான் உட்கார்ந்திருக்கும்போதே பெரியம்மா வழியாகப் பேசினார்.

"மூட்டை தூக்கச் சொல்வாங்களான்னு கேளுங்க அண்ணி."

"மூட்டை தூக்கச் சொல்வாங்களாடி?"

"மூட்டையத் தூக்குறது கிரேன். அந்தக் கிரேனுக்கு ஒடம்பு சரியில்லாமப் போனா நான் பாப்பேன்."

அப்பா வெகுநேரம் சோற்றைப் பிசைந்தார். "மழையில ஏறக் கூடாதுன்னு சொல்லுங்க."

"மழையில ஏறாதடி."

"சரி பெரியம்மா."

மறுநாள் அப்பா கடையிலிருந்து வரும்போது கையில் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. என் முன்னால் வைத்துவிட்டு, முதன்முறையாக என்னையே பார்த்து, "போட்டுப் பாரு" என்றார். உள்ளே கறுப்புத் தோல் பூட்ஸ், முனையில் இரும்பு வைத்தது. என் காலைவிட இரண்டு அளவு பெரிது.

"பெருசா இருக்கேப்பா."

"வளர்ற காலுதானே."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. முனையில் துணியை அடைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.