போன மாசத்துக் கை

பேருந்துக்குப் பம்பரும் குளியலறைக்குத் தொட்டியும் செய்கிற பட்டறையில் அவருக்கு வேலை. எல்லோருக்கும் அவர் ஃபைபர்காரர். வேலை முடிந்து வந்தால் மனைவி அவரை வாசலிலேயே நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொல்லுவாள். ஃபைபரின் கண்ணாடி இழைத் தூசி உள்ளே வந்தால் குடும்பமே சொறிய வேண்டியதுதான்.

அவருடைய அக்காவும் அவர்களோடுதான் இருந்தாள். வீடியோ கேம் கடையில் கல்லாவில் உட்கார்ந்து டோக்கன் விற்றவள். கூட்டமில்லாத மதியங்களில் ஓசியில் ஆடி ஆடி, விமானம் சுடுகிற ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்தாள். பிறகு தசை கரைகிற வியாதி வந்தது. கால் போனது, வேலை போனது. அப்போதெல்லாம் அவள் அழவில்லை. கைக்கு வந்தபோது அழுதாள்.

"காலுக்குப் பதிலா நாற்காலி இருக்கு. கைக்கு என்னடா இருக்கு?"

அந்தக் கடையும் இதற்குள் மூடிக் கிடந்தது. ஃபைபர்காரர் அங்கே போய்ப் பழைய திரை, கைப்பிடி, பொத்தான்கள் எல்லாம் வாங்கி வந்தார். சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி ப்ளைவுட்டில் பெட்டி அடித்தார். அது சுலபம். ஆனால் கையைத் தூக்கிப் பிடிக்க அவளுக்குத் தெம்பில்லை. முழங்கையிலிருந்து விரல்வரை சாய்த்து வைக்க ஒரு பள்ளம் வேண்டும், விரல் விழுகிற இடத்தில் பொத்தான் இருக்க வேண்டும்.

கையில் வாசலின் தடவி, மாவுக்கட்டுத் துணி சுற்றி, அளவெடுத்தார்.

"எலும்பு உடையாம கட்டுப் போட்டுக்கிட்டவ நான் ஒருத்திதான்" என்று அக்கா சிரித்தாள்.

காய்ந்ததும் கழற்றிய அந்தக் கட்டுக்குள் பாரிஸ் சாந்து ஊற்றி அவள் கையையே வார்த்தெடுத்தார். கொல்லைப்புறத்தில் அந்தச் சாந்துக் கைக்கு மெழுகு தேய்த்து, கண்ணாடி இழைப் பாயைப் போர்த்தி, இறுக வைக்கிற ஹார்டனர் கலந்த ரெசின் பசையை பிரஷால் குத்திக் குத்தி ஊறவைத்து, உருளையால் காற்றுக் குமிழிகளை நசுக்கி வெளியேற்றினார். காய்ந்ததும் உரித்தெடுத்து, ஓரம் தேய்த்துப் பெட்டியில் பொருத்தினார். கை கச்சிதமாக உட்கார்ந்தது. அன்று வீட்டில் யார் கூப்பிட்டும் அவள் ஆட்டத்தை விட்டுச் சாப்பிட வரவில்லை.

மழை தொடங்கியபோது கை பள்ளத்தில் வழுக்கியது. கை சிறுத்திருந்தது. மறுபடி அளவெடுத்தார். விடுமுறை நாளில் மட்டும் செய்கிற வேலை, இழுத்துக்கொண்டே போனது. பொருத்தியபோது மணிக்கட்டு மேலும் வளைந்திருந்தது.

"இது போன மாசத்துக் கைடா" என்றாள்.

மூன்றாவது முறை அவர் அவளிடம் அளவே எடுக்கவில்லை. இரண்டு சாந்துக் கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எங்கே கரைகிறது, எந்தப் பக்கம் வளைகிறது என்பது தெளிவாகவே தெரிந்தது. இரண்டாவதைச் சுரண்டிச் சுரண்டி, கட்டைவிரலின் சதையை எடுத்து, வரப்போகிற கையைச் செய்தார். அதன்மேல் ஃபைபர் போட்டுப் பொருத்திவிட்டு அக்காவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அவள் கையை வைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது எந்த மாசத்துக் கை?"

"கொஞ்சம் பஞ்சு வச்சா இப்பவே சரியா இருக்கும்க்கா."

"எனக்கு முன்னாடியே நீ போய்ப் பாத்துட்டு வந்துட்ட, இல்ல?"

அதன்பின் அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டாள். மனைவிதான் ஊட்டினாள்.

"தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருந்திருக்கலாம்ங்க" என்றாள் மனைவி.

பட்டறையில் அவர் ஹார்டனரை அளவு தவறி ஊற்றினார். வாளி கொதித்துப் புகைந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் வைதார்.

ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது, உள்ளே விமானம் வெடிக்கிற சத்தம் கேட்டது. மனைவி அக்காவைப் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் விட்டிருந்தாள். கை பள்ளத்தில் அச்சுப் பிசகாமல் படுத்திருந்தது. பஞ்சு தேவைப்படவில்லை. தூக்கத்தில்கூடத் தாண்டுகிற முதல் கட்டத்திலேயே அவள் தோற்றுக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ போடு" என்றாள், திரும்பாமல். அவர் பொத்தானை அழுத்தினார். தோற்றாள். மறுபடி அழுத்தினார்.

கடைசியில், "இனிமே எதுக்கும் அளவெடுக்காதடா" என்றாள்.

"சரிக்கா."

கொஞ்ச காலம் ஆடினாள். பிறகு விரலும் நின்றது. அதற்கப்புறம் மூச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை.

அக்காவின் அறையை வாடகைக்கு விட வேண்டியிருந்தது. உள்ளேயே கட்டிய பெட்டி, கதவு வழியே வராது. ஃபைபர்காரர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு கிரைண்டரால் அறுத்தார். மனைவி வாசலில் நின்றாள்.

"அந்தக் கைய மட்டும் வச்சுக்கலாமே."

"யார் கைய வைக்கிறது அதுல?" என்று கேட்டுவிட்டு அந்தப் பள்ளத்தையும் அறுத்துச் சாக்கில் போட்டார்.

மறுநாள் பட்டறையில் ஒரு தொட்டியின் அச்சு காத்திருந்தது. உட்கார்ந்து மெழுகு தேய்த்தார்.