உறைமழைக்கு முன் ஓர் இரும்புத் தண்டு

ஞாயிற்றுக்கிழமை காலை, பால் கறந்து முடித்த கையோடு நோர்மான் வடக்கே ஏரிக்குக் கிளம்பிவிட்டான். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்க ஜனவரிதோறும் கூட்டாளிகளோடு போவான்.

“நாளைக்கு உறைமழைன்னு ரேடியோ கத்துதே, காதுல விழலையா?” என்று கேட்டாள் மனைவி கிஸ்லேன்.

“ரேடியோக்காரன் சொல்றதுல பாதி பொய். மீதி மொன்ட்ரியல்ல பெய்யும்” என்று சிரித்தபடியே வண்டியை எடுத்தான்.

அதன்பின் தொலைபேசி ஓயவில்லை. மாமியார், தங்கை, மகள் என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டார்கள். குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பினாயா, மெழுகுவத்தி வாங்கினாயா என்று அதே கேள்விகள்.

“மெழுகுவத்தியை வெச்சு மாடு கறக்க முடியுமாம்மா?” என்று மகளிடம் எரிந்து விழுந்தாள்.

அவளுடைய கவலை அதுதான். மழைத்துளி விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறையும். அந்தப் பாரத்தில் மின்கம்பங்கள் முறியும். கறவை இயந்திரம் நின்றால் கொட்டகை முழுக்க நிற்கும் மாடுகளைக் கையால் கறக்க அவள் ஒருத்தியால் ஆகாது. கறக்காமல் விட்டால் மடி வீங்கிக் காய்ச்சல் கண்டுவிடும். தொண்ணூற்றெட்டு உறைமழையில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் தவித்த பிறகு, அந்தச் சாலையின் மூன்று பண்ணைக்காரர்களும் கூட்டாக ஒரு ஜெனரேட்டர் வாங்கினார்கள். டிராக்டரில் பூட்டி ஓட்டுவது. ஒரு வீட்டில் கறந்ததும் அடுத்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள்.

திங்கள் காலை அதைப் பக்கத்துப் பண்ணை ஃபெர்னான் இழுத்து வந்து நிறுத்தினார். மனைவியை இழந்த கிழவர்; தன் உடைமை எதையும் பிறரைத் தொடவிடமாட்டார்.

“ஷாஃப்ட் எங்கேம்மா?”

டிராக்டரின் சுழற்சியை ஜெனரேட்டருக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு அது. போன வாரம் பற்றவைத்து வாங்க நோர்மான் பட்டறைக்கு எடுத்துப் போயிருந்தான். பட்டறைக்குப் பேசினாள். சனிக்கிழமையே வாங்கிப்போய்விட்டானாம். கொட்டகையிலும் இல்லை. வண்டியின் பின்பக்கத்தில், தூண்டில்களுக்கு அடியில், ஏரிக்குப் போயிருக்கிறது. அவன் கைபேசிக்குக் கூப்பிட்டால் இணைப்பு கிடைக்கவில்லை.

கிஸ்லேன் வாய் திறந்தாள். திருப்பலிக் கிண்ணத்தில் ஆரம்பித்து நற்கருணைப் பேழைவரை, கோவில் சாமான் ஒன்றின் பெயரையும் விடாமல் சொல்லித் திட்டினாள். அந்த ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

“பூசையே முடிஞ்சு போச்சு போலிருக்கே” என்றார் ஃபெர்னான்.

“சிரிக்காதீங்க. உங்க பனி வாரும் மெஷினுக்கு ஒரு ஷாஃப்ட் இருக்குல்ல?”

கிழவரின் முகம் மாறியது. “அது புதுசு.”

“ஐஸ்ல அந்த மெஷின் எதுக்கு ஆகும்? இங்கே கறந்ததும் அடுத்தது உங்க மாட்டுக்குத்தானே ஜெனரேட்டர் வரணும்?”

முனகிக்கொண்டே போய்க் கழற்றி வந்தார். பூட்டிப் பார்த்தால் ஒரு முழம் நீளம் அதிகம். குழாய்க்குள் குழாய் நுழையும் தண்டு அது; இரண்டு குழாயையும் அறுக்காமல் பொருந்தாது என்று இருவருக்கும் தோன்றியது. அறுத்தால் அவருடைய மெஷினுக்கு மறுபடி உதவாது.

வெளியே வேலிக்கம்பி அதற்குள் பளபளக்க ஆரம்பித்திருந்தது. மாடுகள் மாலைக் கறவை நேரம் கண்டு கத்தின.

“உன் புருஷன் புதுசு வாங்கித் தரணும்.”

“அவன் தோலை உரிச்சாவது வாங்கித் தரேன். பிடிங்க இந்தப் பக்கம்.”

பொறி பறக்க அறுத்தாள். விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டி அணைந்தபோது டிராக்டர் உறுமியது; கறவை இயந்திரம் மறுபடி மூச்சு வாங்கியது. ஃபெர்னான் துண்டாகிக் கிடந்த குழாய்களைப் பார்த்தபடி நின்றார்.

சாலை திறந்து நோர்மான் திரும்பவே வெள்ளிக்கிழமை ஆனது. அவன் வாங்கிக்கட்டிக்கொண்டதை அந்தச் சாலையே கேட்டது. அதற்கும் மறுவாரம்தான் உறைமழையில் செத்திருந்த ஊர்க் கைபேசிக் கோபுரம் உயிர் பெற்று, அவன் திங்கள் மதியமே ஏரியிலிருந்து அனுப்பிய செய்தி அவள் கைக்கு வந்து சேர்ந்தது.

“ஷாஃப்ட் என்கிட்ட இருக்கு, கோச்சுக்காதே. ஃபெர்னானோடதைக் கேட்டு வாங்கிக்கோ. நீளமா இருக்கும். கொக்கியைக் கழட்டிட்டு டிராக்டரை ஒரு முழம் முன்னால தள்ளி நிறுத்தினாப் போதும். அறுத்துகிறுத்து வைக்காதே.”